தினமும் அமாவாசை

ஜுபைதாவுக்கு அந்த வேலை கிடைத்ததே சிரிப்பினால்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. வாலாஜாபாத் அரிசி மில்காரர் ஒருவர் தன் தாயார் நினைவாகப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதியோர் விடுதி நடத்திவந்தார். காஞ்சிபுரத்தில் போக்கிடம் இல்லாத கிழவர் கிழவிகளுக்கு அங்கே சோறும் கட்டிலும் உண்டு. அவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, பார்த்துக்கொள்ள ஒரு பெண் தேவை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மேனேஜர் உமாபதி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சாட்சியை விசாரிக்கிற தோரணையில் கேட்டார்.

"வயசானவங்கள பாத்துக்கின அனுபவம் இருக்குதாம்மா?"

"எங்க மாமியாரப் பாத்துக்கினேன் சார். பக்கவாதம். கை போச்சு, காலு போச்சு. வாய்க்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆவல."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜுபைதாவின் சிரிப்பு சாமானியமானதல்ல. முதலில் தோள் குலுங்கும், அப்புறம் வயிறு, அதற்கப்புறம் பக்கத்தில் இருக்கிற பெஞ்சு. உள்ளே கூடத்தில் தாமல் கிராமத்துக் கண்ணாயிரம் என்று ஒரு குடியானவக் கிழவர் இருந்தார். பிள்ளைகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு அப்பனை மட்டும் பிரித்துக்கொள்ளாமல் விட்ட நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர். அவர் எதற்கென்றே தெரியாமல் பொக்கை வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். உமாபதி கூடத்தைப் பார்த்தார், ஜுபைதாவைப் பார்த்தார், "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

உண்மையில் மாமியாரின் வாய்தான் ஜுபைதாவுக்குப் பள்ளிக்கூடம். ஒரே பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு மறந்தால் வசவு விழும். ஆளைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டாள். படுத்தவாக்கில் தண்ணீர் கொடுத்துப் புரையேறினால் வசவு. நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, மடக்கு மடக்காகக் கொடுக்க வேண்டும் என்று புரிந்தது. சில்லென்ற கையால் தொட்டால் வசவு, கூப்பிடாமல் பின்னாலிருந்து தொட்டால் இன்னும் பெரிய வசவு. எல்லாவற்றுக்கும் மேலான ராஜ வசவு ஒன்று உண்டு. கட்டில் பக்கத்தில் நின்றபடி புருஷன் அப்துல் சத்தாரிடம் "அத்தை இன்னைக்கு சாப்ட்டாங்களா?" என்று கேட்டுவிட்டால் போதும். "நான் இங்கதான்டி கிடக்கறேன், என்னக் கேளுடி!" என்று கிழவி வீடே அதிரக் கத்துவாள். அந்தக் கிழவி மௌத்தானபோது ஜுபைதா அழுததைப் பார்த்து, பெற்ற மகள்களே வாயடைத்துப் போனார்கள்.

விடுதிக்கு வந்தபின் இந்தப் படிப்பு எல்லாம் உதவியது. குளிப்பாட்டுவதற்கு முன்பு அடுப்படியில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வாள். சமையற்காரத் தில்லையம்மாள், "என்னா, கைய வறுத்துத் தரட்டுமா?" என்று கிண்டல் செய்வாள். சட்டைப் பொத்தானைத் தாங்களே போட்டுக்கொள்ள முடிந்தவர்களுக்கு ஜுபைதா போட்டுவிட மாட்டாள். ஒரு பொத்தானுக்கு அரை நாழிகை ஆனாலும் எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். மாதக்கணக்கில் அவள் கையில் எல்லோரும் தேறிவந்தார்கள். கண்ணாயிரம் சுவரை விட்டு வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

கோதண்டபாணி மட்டும்தான் பிடிபடவில்லை.

கோதண்டபாணி பட்டு நெசவுக்காரர். நினைவு தெரிந்த நாளிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். பெண்சாதி போய்ச் சேர்ந்தாள், பிள்ளை கிடையாது. அண்ணன் மகன் வீட்டையும் தறியையும் விற்றுவிட்டு, சித்தப்பாவை விடுதியில் சேர்த்துவிட்டு, குடும்பத்தோடு சூரத்துக்குப் போய்விட்டான். இதெல்லாம் கோதண்டபாணிக்கு நினைவில் இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவிருக்காது. ஆனால் விடுதி இருந்தது நெசவாளர் தெருவின் முனையில். விடிந்ததும் வீட்டுக்கு வீடு தறி அடிக்கிற சத்தம் கிளம்பும். அவ்வளவுதான், மனிதர் துள்ளி எழுந்துவிடுவார்.

"நேரமாயிடுச்சு! ஊரே தறியில உக்காந்துகினு இருக்குது, நான் படுத்துகினு இருக்கேன், த்தூ!"

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேரே வெளியே போய்விடுவார். ஒரு தரம் ரயில்வே கேட் பக்கம் பிடித்து வந்தார்கள். இன்னொரு தரம் செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்று மணலில் உட்கார்ந்திருந்தவரை ஒரு மாட்டு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். உமாபதி அன்றைக்கு ஜுபைதாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தரம் இவரு தனியா கேட்டத் தாண்டினாருன்னா மெட்ராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுருவேன் ஜுபைதாம்மா. ரயில்ல கியில்ல அடிபட்டா யாரு பதில் சொல்றது? நான் கோர்ட்டுல எத்தனையோ பாத்தவன்."

உமாபதி கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள் என்பதுதான் ஜுபைதாவின் பயம். இந்த மனிதர் என்ன பைத்தியமா? வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று பதறுகிறவரை எந்த ஊரில் பைத்தியம் என்பார்கள்? சோம்பேறிகளை அல்லவா முதலில் பிடித்துப் போடவேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கேட்டைப் பூட்டிப் பார்த்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். "உங்களுக்கு ரிடையர் ஆயிடுச்சு நைனா" என்று சொல்லிப் பார்த்தாள். "தறிக்காரனுக்கு ரிடையரா? யாருகிட்ட சொல்ற?" என்று அடிக்க வந்தார். ஒரே ஒரு தரம், தறியை விற்றுவிட்டார்கள் என்ற நிஜத்தையும் சொன்னாள். அன்றைக்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் அதை மட்டும் இனி ஜென்மத்துக்கும் சொல்வதில்லை என்று காதைத் தொட்டுக்கொண்டாள்.

வழி காட்டியது அப்துல் சத்தார்தான், அதுவும் தெரியாத்தனமாக. அவர் ஜட்கா வண்டி ஓட்டுபவர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நாளைக்கு அமாவாச. தறி ஓடாது, நெசவுக்காரங்க எல்லாம் குடும்பத்தோட கோயிலுக்குக் கெளம்புவாங்க. சவாரி நல்லா கெடைக்கும்" என்றார். காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாததல்ல. அமாவாசையன்று நெசவாளர் தெரு கப்சிப்பென்று இருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் அவளுக்குப் பொறி தட்டியது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

அந்த அமாவாசை ஒரு தொந்தரவும் இல்லாமல் கழிந்தது. அதற்கு மறுநாள் காலையில் கோதண்டபாணி வேட்டியை இறுக்கினார். ஜுபைதா சாவதானமாகச் சொன்னாள்.

"எங்க கெளம்பிட்டீங்க நைனா? இன்னைக்கு அமாவாசையாச்சே!"

இறுக்கிய கை அப்படியே நின்றது. "அமாவாசையா? அட ஆமால்ல" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜுபைதா அடுப்படிக்கு ஓடித் தில்லையம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கரண்டி கீழே விழுந்தது. அன்று முதல் விடுதியில் தினமும் அமாவாசை.

வாரம் ஒன்று சந்தோஷமாக ஓடியது. அவருக்கு மறந்துபோகும்போதெல்லாம் அமாவாசை, அமாவாசை என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் ஜுபைதாவுக்குத் தெரிந்த அமாவாசை தெருவில் நின்று பார்த்த அமாவாசை. வீட்டுக்குள்ளே அது எப்படி நடக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? முதலில் மத்தியானச் சாப்பாட்டில் வந்தது வினை. கோதண்டபாணி தட்டைத் தள்ளிவிட்டார்.

"அமாவாசையும் அதுவுமா வெங்காய சாம்பாரா? வாழக்கா எங்க? படையல் எங்க? காக்காவுக்கு வெச்சீங்களா?"

தில்லையம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "ஏண்டி ஜுபைதா, அமாவாசைன்னு சொன்னியே, அமாவாசையில இன்னா சமைப்பாங்கன்னு எங்கிட்ட கேட்டியா?"

"அக்கா, அக்கா, நீதான் காப்பாத்தணும்" என்று ஜுபைதா கெஞ்சினாள். தில்லையம்மாள் திட்டிக்கொண்டேதான் வாழைக்காயை நறுக்கினாள். மறுநாளும் நறுக்கினாள். வெங்காயம் விடுதியை விட்டே போயிற்று. காகத்துக்கு வைத்து, அது வந்து கொத்தினால்தான் கோதண்டபாணி இலையில் கை வைப்பார். தினமும் விருந்து என்று செய்தி பரவி, பிள்ளையார்பாளையத்துக் காகங்கள் அத்தனையும் பதினோரு மணிக்கே வந்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. தினம் தினம் வாழைக்காய் தின்று கண்ணாயிரத்துக்கு வாயுப் பிடிப்பு. "இந்த அமாவாச எப்பதான் முடியும்?" என்று அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு கேட்பார்.

இது போதாதென்று தெருவில் தறி ஓடுகிறதே! அமாவாசையில் தறி ஓட்டுகிற பாவிகளைக் கோதண்டபாணியால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற நெசவாளர்களை எல்லாம் பிடிபிடியென்று பிடித்தார்.

"அமாவாசையில தறி ஓட்றீங்களே, உருப்படுவீங்களா? உங்க அப்பன் பாட்டன் இப்டி செஞ்சானா? நாளு கெழம தெரியாத பசங்களா!"

பூவராகவன் என்ற இளம் நெசவாளி, புதிதாகக் கல்யாணம் ஆனவன், பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தான். மறுநாளும் அதே வசவு, மறுபடி ஓடிப்போய்க் காலண்டர். மூன்றாவது தரம் அவன் உமாபதியிடமே வந்து, "சார், உங்க காலண்டர் எந்த ஊரு அச்சு?" என்று கேட்டான். ஜுபைதா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தாள்.

ஆனால் குளியலறையிலேதான் அவள் சிரிப்பு நின்றது. கோதண்டபாணிக்கு முதுகு தேய்க்கும்போது தோள் எலும்பு கையில் இடித்தது. அமாவாசை ராத்திரியில் அவர் சோறு தொடமாட்டார், பலகாரம்தான். அதிலும் பாதி இட்லி. மாதம் முழுக்க அமாவாசை என்றால் மாதம் முழுக்க ராத்திரிப் பட்டினி. இது ஒரு பக்கம் இருக்க, இன்னொன்றும் அவள் மனதை உறுத்தியது. "அமாவாசை நைனா" என்று சொல்லும்போதெல்லாம் அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். பிறகுதான் உட்காருவார்.

இப்படியே போய், நிஜமான அமாவாசை வந்து சேர்ந்தது.

அன்று ஜுபைதா பண்டிகை மாதிரி வந்தாள். இன்றைக்குப் பொய் இல்லை! தெருவில் தறிச் சத்தம் இல்லை! கோதண்டபாணி விழித்துக்கொண்டு காதைத் தீட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"யம்மா, ஏன் தறிச் சத்தமே கேக்கல?"

"இன்னைக்கு அமாவாச நைனா!" என்றாள் வாயெல்லாம் பல்லாக.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். தலையை ஆட்டினார். "போம்மா. நீ தெனமும் இதத்தான் சொல்ற. தெனமும் அமாவாசைன்ன, தெனமும் தறி ஓடிச்சு. இன்னைக்கு ஒண்ணுகூட ஓடல. அப்படின்னா தெருவுல என்னமோ நடந்துபோச்சு. நீ மறைக்கற."

ஜுபைதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இட்லி மறந்துபோகிற மனிதருக்கு, அண்ணன் மகன் பெயர் மறந்துபோன மனிதருக்கு, இவள் ஏமாற்றுகிறாள் என்பது மட்டும் மறக்கவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது, அவள் பேச்சு உண்டாக்கிய சந்தேகம் உள்ளே தங்கிவிட்டது. அவள் சத்தியம் செய்தாள், காலண்டரைக் காட்டினாள், தில்லையம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துப் பொன்னியம்மாள் என்ற கிழவியைக் குளிப்பாட்டப் போனாள். பாதி சோப்பில் தில்லையம்மாளின் குரல் கேட்டது. "ஏண்டி, கட்டில் காலியா கிடக்குதுடி! பால்காரன் கேட்டத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டான்!"

"யா அல்லா! அக்கா, இவங்களப் புடி, வழுக்கிடப் போறாங்க!" என்று பொன்னியம்மாளைத் தில்லையம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடினாள். ரயில்வே கேட்டா? பாலாறா? எந்தப் பக்கம் ஓடுவது? மெட்ராஸ் ஆஸ்பத்திரியின் வாசல் எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. பார்த்தது போலவே கண்ணில் வந்து நின்றது.

அவர் எங்கேயும் போகவில்லை. நெசவாளர் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போனார்.

"ஏம்பா, உயிரோட இருக்கீங்களா?"

உள்ளேயிருந்து ஆள் எட்டிப் பார்ப்பார். "இருக்கறோமே தாத்தா, இன்னா விஷயம்?" என்றதும் கோதண்டபாணி, "சந்தோஷம், சந்தோஷம்" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். லீவு நாளில், கோயிலுக்குக் கிளம்பும் வரை பொழுது போகாமல் இருந்த தெரு அவர் பின்னாலேயே திரண்டுவிட்டது. பூவராகவனின் புது மனைவி கதவைத் திறந்து இந்தக் கேள்வியைக் கேட்டதும் அலறி உள்ளே ஓடினாள். பூவராகவன் வந்து, "தாத்தா, சத்தியமா இன்னைக்கு நான் தறி ஓட்டல, திட்டாதீங்க" என்று கையெடுத்தான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோதண்டபாணி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

மூச்சிரைக்க வந்து நின்ற ஜுபைதாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "யம்மா, எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க! ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல!"

ஜுபைதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இன்னைக்கு நெசமாவே அமாவாச நைனா. மத்த நாளெல்லாம் நான் பொய் சொன்னேன். நீங்க வெளிய போயிடுவீங்கன்னு பயந்துகினு சொன்னேன்."

"வேலைக்குப் போறவன எதுக்கும்மா புடிச்சு வெக்கற?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். "கூட வேணும்னா வாயேன்."

இத்தனை நாளும் இந்த வழி எங்கே போயிருந்தது என்று ஜுபைதாவுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றியது. அவர் ஓட நினைக்கவில்லை. போக வேண்டும், அவ்வளவுதான். தெருவைச் சுற்றி, நான்கு தறியைப் பார்த்து, நான்கு பேரை அதட்டிவிட்டு வந்தால் பசி எடுக்கும், சோறு இறங்கும். இந்தச் சின்ன விஷயத்துக்காக ஒரு மாதமாக ஊர்க் காகங்களுக்கெல்லாம் விருந்து வைத்தோமே என்று நினைத்து மறுபடி சிரிப்பு வந்தது. ஆனால் கையைப் பிடித்து விடுதிப் பக்கம் திருப்பியதும் சிரிப்பு அடங்கியது.

கேட்டில் உமாபதி குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஜுபைதாம்மா, நான் சொன்னது ஞாபகம் இருக்குதா?"

நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. தெருவே சாட்சிக்கு வரும். ஆனால் ஒரு பொய்யிலிருந்து இப்போதுதான் வெளியே வந்திருந்தாள். இன்னொன்றுக்குள் நுழைய மனம் வரவில்லை.

"இருக்குது சார். அவரு தனியாத்தான் போனாரு. நான் அப்புறம்தான் ஓடினேன்."

"அப்ப நான் எழுதித்தான் ஆவணும். ஓடிப்போற ஆள வெச்சுகினு தெனமும் நான் உயிரக் கையில புடிச்சுகினு இருக்க முடியாது." உமாபதி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிடிக்காததையும் அவர் செய்துவிடுவார் என்றும் தெரிந்தது. ஜுபைதா கோதண்டபாணியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோதண்டபாணி குடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா ஓடிப்போனது? வேலைக்குப் போனேன். அமாவாசையாம், தறி இல்ல. வூட்டுக்கு வந்துட்டேன். வேலைக்குப் போன மனுஷன் தன் வூட்டுக்குத் திரும்பி வந்தா வாசல்ல நின்னு மறிக்கறியே, இது இன்னாப்பா நியாயம்? நவுரு. பசிக்குது."

வூடு என்ற சொல் உமாபதியின் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்த விடுதிக்கு அதுவரை யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர் முதலில் குடையை விலக்கினார், அப்புறம் தானும் விலகினார். ஜுபைதா சோப்பு காய்ந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் இன்னும் அழுதாள்.

கோதண்டபாணி உள்ளே நாலு எட்டு போய்விட்டார். உமாபதி அவர் பின்னாலேயே போனார். ஜுபைதாவிடம் கேட்கவில்லை, அவரிடமே கேட்டார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வேலைக்குக் கெளம்புவீங்க ஐயா?"

"தறிச் சத்தம் கேட்டதும் கெளம்பிடுவேன்" என்றார் கோதண்டபாணி. "நீயும் வர்றதா இருந்தா நேரத்தோட வந்துடு. லேட்டா வர்றவனுக்கு எங்கிட்ட வேல கெடையாது."

மறுநாள் உமாபதி நேரத்தோடு வந்துவிட்டார்.